சி.எஸ்.ஆர். ரசீது இருக்கிறது, பைக் இல்லை

நான்கு பக்கக் கடிதம். சுருக்கித் தருகிறேன்; எழுதியவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

வாசகருக்கு 27 வயது. தினமும் காலையில் பேருந்து நிலையத்தை ஒட்டிய நகராட்சி ஒப்பந்த டூவீலர் ஸ்டாண்டில் பைக்கை விட்டுவிட்டு, பஸ் ஏறி மில் வேலைக்குப் போகிறவர். 19 நாட்களுக்கு முன் இரவு ஒன்பது மணிக்குத் திரும்பியபோது, இவர் வண்டி நின்ற இடத்தில் வேறொரு வண்டி நின்றது. டோக்கன் இவர் கையில்தான் இருந்தது. ஹேண்டில் லாக் போடவில்லை. வண்டிகளைத் தள்ளி அடுக்க வேண்டும் என்பதால் போட வேண்டாம் என்று ஸ்டாண்டுக்காரர்தான் எப்போதும் சொல்வாராம். "யாராவது மாத்தி எடுத்துட்டுப் போயிருப்பாங்க, காலைல வாங்க" என்று அனுப்பிவிட்டார். காலையிலும் வண்டி வரவில்லை.

வீட்டுக்குப் பக்கத்துக் காவல் நிலையத்தில் "ஸ்டாண்ட் எங்க லிமிட் இல்லை" என்றார்கள். ஸ்டாண்டு எல்லைக்குரிய நிலையத்தில் புகாரை வாங்கி, சி.எஸ்.ஆர். ரசீது (புகார் மனுவைப் பெற்றதற்கான சீட்டு) கொடுத்து, "பத்து நாள் தேடிப் பார்ப்போம், கிடைக்கலைன்னா எஃப்.ஐ.ஆர். போட்டுக்கலாம்" என்றார்கள். பத்து நாள் பத்தொன்பது நாளாகிவிட்டது.

வண்டி வாங்கி 2 வருடம் 4 மாதம். கடனில் வாங்கியது, 8 தவணை பாக்கி. புதிதாக வாங்கியபோதே ஐந்து வருட இன்சூரன்ஸ் போட்டதால் பணம் எப்படியும் வந்துவிடும் என்று நம்புகிறார். கம்பெனிக்கு இன்னும் தகவல் சொல்லவில்லை, எஃப்.ஐ.ஆர். வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறார். இரண்டு சாவிகளில் ஒன்று போன வருடமே தொலைந்துவிட்டது. "ஒரு டூப்ளிகேட் அடிச்சு ரெண்டையும் கொடுத்துடு" என்கிறார் தெரிந்த ஏஜென்ட். ஆர்.சி. புத்தகத்தைப் படம் எடுத்து, போன் நம்பரோடு வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்தோ என்னவோ, போன வாரம் ஒருவர் அழைத்து, "வண்டி எங்க இருக்குன்னு தெரியும், எட்டாயிரம் கொடுத்தா எடுத்துத் தர்றேன்" என்றிருக்கிறார். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து போய் ஆளைப் பிடித்து வண்டியைப் பிடுங்கி வரலாம் என்கிறார்கள். மீதித் தவணையைக் கட்டுவதா, நிறுத்துவதா என்றும் கேட்டிருக்கிறார்.

கடைசி வரி: "ஐயா, என் வண்டி திரும்பக் கிடைக்குமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில்: என்னால் சொல்ல முடியாது. வேறொன்றைச் சொல்ல முடியும். இந்த 19 நாட்களில் உங்கள் விவகாரம் வண்டியைப் பற்றியது என்பது போய், தேதிகளைப் பற்றியதாக மாறிவிட்டது. எந்தத் தேதியில் யாரிடம் சொன்னீர்கள், அதற்கு என்ன எழுத்து இருக்கிறது என்பதைத்தான் இன்சூரன்ஸ் கம்பெனியும் நுகர்வோர் ஆணையமும் இனி உங்களிடம் கேட்கும். அதனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும், வேறெதையும் யோசிக்காமல் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பாலிசி எண், வண்டி எண், திருடுபோன நாள், இடம், சி.எஸ்.ஆர். எண், இவ்வளவு போதும். எஃப்.ஐ.ஆர். வரட்டும் என்று காத்திருந்தது தவறு. தகவல் சொல்வதற்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை, இழப்பீடு வாங்கத்தான் தேவை. கட்டணமில்லா எண்ணுக்கும் அழைத்து, அவர்கள் தரும் க்ளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சி.எஸ்.ஆர். என்பது எஃப்.ஐ.ஆர். அல்ல

நம் ஊரில் புகார் கொடுக்கப் போகிற பத்தில் எட்டுப் பேர் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, கேஸ் போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். (இந்தப் பத்தில் எட்டு என் அலுவலகக் கணக்கு, அரசுப் புள்ளிவிவரம் அல்ல.) அது நீங்கள் ஒரு மனு கொடுத்தீர்கள், அதைப் பதிவேட்டில் ஏற்றினோம் என்பதற்கான சீட்டு மட்டுமே. அதை வைத்துப் புலன் விசாரணை சட்டப்படி தொடங்காது, இன்சூரன்ஸ் பணமும் வராது.

திருட்டு, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. அப்படிப்பட்ட குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று, லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013-லேயே சொல்லிவிட்டது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனையுள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த இப்போதைய சட்டம் இடம் தருகிறது. அந்த அனுமதி இல்லாமல் "பத்து நாள் தேடிவிட்டுப் போடலாம்" என்பதற்கு இடமில்லை, அனுமதி இருந்தாலும் 14 நாளைத் தாண்ட முடியாது. காவல் நிலையத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: ஸ்டாண்டில் வண்டி மாறிப்போய் மறுநாள் திரும்பி வருவதும் உண்டு. ஒரு நாள், இரண்டு நாள் பார்ப்பதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. பத்தொன்பது நாளுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு உங்களுக்கு மூன்று வசதிகளைத் தருகிறது. எந்த எல்லையில் குற்றம் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம், அதை வாங்கிப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. ஆகவே முதல் நாள் "எங்க லிமிட் இல்லை" என்று உங்களைத் திருப்பி அனுப்பியதே தவறு. மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும்.

நாளைக்கே அதே நிலையத்துக்கு எழுத்து மனுவோடு போங்கள். சண்டைக்குப் போகிற முகத்தோடு போகாதீர்கள். "சார், இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். கேட்கிறாங்க" என்ற ஒரு வரி பல நிலையங்களில் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் பதியவில்லை என்றால், மனுவின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 173(4) பிரிவு சொல்லும் வழி இது. அதற்கும் அசைவில்லை என்றால் 175(3) பிரிவின் கீழ், பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அதற்கு ஒரு வக்கீல் வேண்டும். பெரும்பாலும் எஸ்.பி. அலுவலகத்திலேயே காரியம் முடிந்துவிடும்.

மனுவில் சில விஷயங்களை விட்டுவிடாதீர்கள். "காணவில்லை" என்று எழுதாமல் "திருடப்பட்டுவிட்டது" என்றே எழுதுங்கள். எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டும் இருக்கட்டும். வண்டியின் மதிப்பையும் குறிப்பிடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளின் திருட்டு வேறு வகையில் சேர்ந்து, போலீஸ் தானாக வழக்குப் பதிய முடியாததாகிவிடுகிறது. உங்கள் பைக்குக்கு அந்தச் சிக்கல் வராது. பழைய சைக்கிளைப் பறிகொடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான். ஸ்டாண்டிலும் பேருந்து நிலையத்திலும் உள்ள கேமரா பதிவுகளைக் கைப்பற்றும்படி தனிப் பத்தியாகக் கேளுங்கள். அந்தக் கருவிகளில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். பத்தொன்பது நாளுக்கு முந்தையது அழிந்திருக்கவும் கூடும். அழிந்திருந்தாலும் கேட்ட தேதி பதிவில் இருக்கட்டும்.

இத்தனை குறை சொன்ன சி.எஸ்.ஆர். ரசீதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உங்கள் கையில் இருக்கும் தாள்களில் டோக்கனுக்கு அடுத்தபடி மதிப்புள்ளது அதுதான். ஏன் என்று இன்சூரன்ஸ் பகுதியில் சொல்கிறேன்.

ஐந்து வருட இன்சூரன்ஸ் எதற்கு?

இந்தப் பகுதி உங்களுக்குக் கசக்கலாம். 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து வருட இன்சூரன்ஸ் கட்டாயம் என்பது உண்மை. ஆனால் கட்டாயமானது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். அதாவது உங்கள் வண்டியால் இன்னொருவருக்கு நேரும் பாதிப்புக்கானது. உங்கள் வண்டி சேதமானாலும் திருடுபோனாலும் பணம் தருவது "ஓன் டேமேஜ்" எனப்படும் சொந்தச் சேதப் பிரிவு. ஷோரூமில் சேர்த்துப் போட்டுக் கொடுக்கும் பாலிசிகளில் பெரும்பாலானவற்றில் இந்தப் பிரிவுக்கு ஒரே ஒரு வருடம்தான் ஆயுள். இரண்டும் ஒரே தாளில் அச்சாகியிருப்பதால் ஐந்து வருடமும் எல்லாம் இருப்பதாகத் தோன்றும்.

பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டு வேறு காலங்கள் போட்டிருக்கும். "ஓன் டேமேஜ்" என்ற வரிக்கு எதிரே உள்ள முடிவுத் தேதியைப் பாருங்கள். முதல் வருடம் முடிந்த பிறகு அதை மட்டும் தனியாகப் புதுப்பித்தீர்களா? கடன் கொடுத்த நிறுவனம் புதுப்பித்து, அந்தத் தொகையை உங்கள் கணக்கில் ஏற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அவர்களிடமும் கேளுங்கள். புதுப்பிக்கவில்லை என்றால் இன்சூரன்ஸ் வழி மூடிவிட்டது. அப்போது நீங்கள் பிடிக்க வேண்டிய கை ஸ்டாண்டுக்காரருடையது.

புதுப்பித்திருந்தால் எவ்வளவு கிடைக்கும்? பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். நீங்கள் ஷோரூமில் கட்டிய மொத்தப் பணம் அல்ல அது. அன்றைய உற்பத்தியாளர் விலையில் வண்டியின் வயதுக்கேற்ப கழித்த தொகை: ஒன்று முதல் இரண்டு வயது வரை 20 சதவீதம், இரண்டிலிருந்து மூன்று வரை 30 சதவீதம் கழிப்பது வழக்கமான அளவு. சாலை வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் அதில் வராது. திருட்டு முழு இழப்பு என்பதால், விபத்துப் பழுதில் பாகம் பாகமாகத் தேய்மானம் கழிப்பது போல இங்கே மறுபடி கழிக்கக் கூடாது.

அடுத்தது தாமதம். "உடனடியாகத் தகவல் தர வேண்டும்" என்ற நிபந்தனையைக் காட்டி உங்கள் மனுவை நிராகரிக்கக் கம்பெனி முயலலாம். ஓம் பிரகாஷ் வழக்கில் 2017-லும், குர்ஷிந்தர் சிங் வழக்கில் 2020-லும் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்திருக்கிறது. உண்மையான திருட்டு, போலீஸுக்கு உடனே சொல்லியாகிவிட்டது என்றால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி மறுக்க முடியாது. குர்ஷிந்தர் சிங் தீர்ப்பை எழுதியது மூன்று நீதிபதிகள் அமர்வு. அந்த வழக்கில் எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தது. உங்களுக்கு அது இல்லையே என்று கம்பெனியின் வக்கீல் வாதிடுவார். அப்போதுதான் சி.எஸ்.ஆர். கைகொடுக்கும். திருட்டுக்கு மறுநாளே நீங்கள் நிலையத்தில் புகார் கொடுத்தீர்கள் என்பதற்கு அரசுப் பதிவேட்டில் இருந்து வந்த சாட்சி அது. எஃப்.ஐ.ஆர். தாமதமானது போலீஸின் தாமதம், உங்களுடையது அல்ல. எஃப்.ஐ.ஆர். பதியும்போது அதில் சி.எஸ்.ஆர். எண்ணையும் தேதியையும் குறிப்பிடச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை முழுக்கப் படியுங்கள். சம்பவத் தேதி தவறாக ஏறிவிட்டால் பிற்பாடு அதைச் சரிசெய்ய அலைவது பெரும்பாடு.

நிராகரித்துக் கடிதம் வந்தாலோ, குறை மனு கொடுத்து ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) போகலாம். செலவில்லை, வக்கீல் வேண்டாம். நிராகரிப்புக் கடிதம் கிடைத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

அந்த இரண்டாவது சாவி

ஏஜென்ட் சொன்ன யோசனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். திருட்டு மனுக்களில் கம்பெனி இரண்டு அசல் சாவிகளையும் கேட்பது வழக்கம். நீங்கள் அனுப்பியதை அப்படியே கோப்பில் போட்டு வைப்பார்கள் என்று நினைக்காதீர்கள். விசாரணைக்கு ஒரு ஆளை அனுப்புவார்கள். அவர் சாவியைப் பார்ப்பார், ஸ்டாண்டில் பேசுவார், உங்கள் பக்கத்து வீட்டிலும் கேட்பார். நேற்று கடையில் வெட்டிய சாவி, இரண்டு வருடம் பையில் கிடந்த சாவி போல இருக்காது. சாவி தொலைந்தது ஒரு குறை, அவ்வளவுதான். போலிச் சாவியை அசல் என்று கொடுத்தால் அது மோசடி. குறைக்குப் பணம் குறையலாம். மோசடி என்று வந்தால் மனு முழுவதும் போய், உங்கள் மேலேயே புகார் வரவும் வழியிருக்கிறது.

உள்ளதைச் சொல்லுங்கள்: ஒரு சாவி எப்போது, எப்படித் தொலைந்தது என்று ஒரு பிரமாணப் பத்திரம் போதும். ஹேண்டில் லாக் போடாததையும் மறைக்காதீர்கள். இதற்காக மறுத்தால் என்ன செய்வது என்ற பயம் உங்களுக்கு இருக்கும், புரிகிறது. வாகனத்தைப் பாதுகாப்பதில் கவனக்குறைவு இருந்தாலும் திருட்டு உண்மையானால் முழுவதுமாக மறுக்காமல், "நான்-ஸ்டாண்டர்டு" அடிப்படையில் ஒரு பகுதியைத் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கிய லாரி ஓட்டுநரின் வழக்கில்கூட, 2023-ல், 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. உங்கள் நிலைமை அதைவிட எவ்வளவோ மேல்.

கம்பெனி கேட்கும் தாள்களில் ஆர்.டி.ஓ. படிவங்கள் 28, 29, 30 இருக்கும், பெயர் மாற்றத்துக்கானவை. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. வண்டி எண்ணையும் க்ளெய்ம் எண்ணையும் நிரப்பிவிட்டுக் கையெழுத்திடுங்கள். வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் இறுதி அறிக்கையும் கேட்பார்கள். அது வர சில மாதங்கள் ஆகும். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 193(3) பிரிவு போலீஸுக்குக் கடமை வைத்திருக்கிறது. அந்த நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

"நிர்வாகம் பொறுப்பல்ல"

டோக்கனின் பின்பக்கம் இந்த வாசகம் இருப்பதாக எழுதி, அதனால் ஸ்டாண்டுக்காரரை ஒன்றும் செய்ய முடியாதே என்று வருந்தியிருக்கிறீர்கள். அந்த அச்சுக்கு நீங்கள் கொடுக்கும் மரியாதையைக் கோர்ட் கொடுப்பதில்லை.

காசு வாங்கிக்கொண்டு உங்கள் பொருளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்பவர், தன் சொந்தப் பொருளை ஒரு சராசரி மனிதர் எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு இது. 2019-ல் தாஜ்மகால் ஹோட்டல் வழக்கில், விருந்தினரின் காரை ஊழியர் வாங்கி நிறுத்திய பிறகு அது திருடுபோனபோது, "உரிமையாளர் பொறுப்பில்" என்ற சீட்டு வாசகத்தைக் காட்டி ஹோட்டல் தப்பிக்க முடியாது, கவனமாக இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியதும் ஹோட்டல்தான் என்றது உச்ச நீதிமன்றம்.

அங்கே சாவியே ஊழியர் கையில் இருந்தது, உங்கள் சாவி உங்கள் பையில் இருந்தது. "இடத்தைத்தான் வாடகைக்குக் கொடுத்தோம், வண்டியை நாங்கள் வாங்கவில்லை" என்று ஸ்டாண்டு தரப்பு இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள். ஹேண்டில் லாக் போடாதே என்று சொன்னது யார்? வண்டியை இஷ்டம்போலத் தள்ளி, வேறு இடத்தில் அடுக்கியது யார்? டோக்கன் இல்லாமல் வண்டியை வெளியே விடக் கூடாது என்பதுதானே டோக்கனின் வேலை? உங்கள் டோக்கன் இன்னும் உங்களிடம் இருக்க, வண்டி வாசலைத் தாண்டியிருக்கிறது. உங்களுடன் அங்கே வண்டி விடும் இரண்டு பேர், லாக் போட வேண்டாம் என்றுதான் எங்களிடமும் சொல்வார்கள் என்று எழுதிக் கொடுத்தால் உங்கள் வழக்கு பலப்படும்.

டோக்கனைச் "சரிபார்க்க" என்று யார் கேட்டாலும் அசலைக் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்து மங்கும் தாளாக இருந்தால் இன்றே. ஒப்பந்ததாரருக்கும், ஒப்பந்தம் கொடுத்த நகராட்சி ஆணையருக்கும் பதிவுத் தபாலில் ஒரு அறிவிப்பு அனுப்பி 15 நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், உங்கள் அளவிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இன்சூரன்ஸிலும் வாங்கி, அதே தொகையை ஸ்டாண்டிலும் வாங்க முடியாது. கம்பெனி பணம் கொடுத்துவிட்டால் ஸ்டாண்டின் மேல் வழக்குப் போடும் உரிமை அந்தத் தொகைக்குக் கம்பெனிக்குப் போய்விடும். ஐ.டி.வி.க்குள் வராத உங்கள் அலைச்சலுக்கும் கூடுதல் இழப்புக்கும் நீங்கள் தனியாகக் கேட்கலாம்.

எட்டாயிரம் கேட்கிறவர்

இவர் இரண்டு வகையில் ஒருவர். உங்கள் வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துவிட்டுத் தூண்டில் போடும் மோசடிக்காரராக இருக்கலாம், அல்லது உண்மையிலேயே திருடனோடு தொடர்புள்ளவராக இருக்கலாம். முதல் வகைக்கு ஒரு சோதனை உண்டு: ஆர்.சி.யில் இல்லாத, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு அடையாளத்தைக் கேட்பது. சீட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கர், டேங்கில் ஒரு கீறல், ஏதாவது. சொல்லத் தெரியாதவரிடம் வண்டி இல்லை. இனிமேல் எந்தப் பதிவிலும் அந்த ஒரு அடையாளத்தை எழுதாதீர்கள். ஆர்.சி. படத்தையும் குழுக்களில் இருந்து எடுத்துவிடுங்கள். எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் போலீஸுக்குத் தேவை, ஊருக்குத் தேவையில்லை.

இரண்டாம் வகையாக இருந்தால் அவர் உங்களுக்குச் செய்வது உதவி அல்ல, குற்றம். திருட்டுப் பொருளை மீட்டுத் தருவதாகப் பணம் வாங்கி, திருடனைப் பிடித்துக் கொடுக்க முயலாமல் இருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 252-ஆவது பிரிவில் இரண்டு ஆண்டு வரை தண்டனைக்குரியது. அந்த எண்ணையும், அழைப்பு வந்த நேரத்தையும் எழுதி, விசாரணை அதிகாரியிடம் கொடுத்துப் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். இந்த வழக்கில் இதுவரை கிடைத்த ஒரே துப்பு அதுதான்.

நண்பர்களோடு கிளம்பிப் போகாதீர்கள். உங்கள் பொருளை நீங்கள் எடுப்பது திருட்டாகாது என்பது சரி. ஆனால் ஐந்து பேர் போய் ஒருவரைப் பிடித்து நிறுத்தி, கைகலப்பாகி, அவருக்கு அடிபட்டால், நாளைக்கு எஃப்.ஐ.ஆர். வேகமாகப் பதிவாவது உங்கள் மேல்தான். வண்டியை வைத்திருப்பவர் விஷயம் தெரியாமல் செகண்ட் ஹேண்டில் வாங்கியவராகவும் இருக்கலாம். அவருக்கு உரிமை கிடையாது, வண்டி உங்களுடையதே. அதை அவரிடமிருந்து எடுக்க வேண்டியது போலீஸ்.

இன்னொரு துப்பும் உண்டு. பரிவாகன் இணையதளத்தின் இ-சலான் பக்கத்தில் உங்கள் வண்டி எண்ணை வாரம் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஹெல்மெட் இல்லாமல் போனதற்கு வேறு ஊரில் அபராதம் விழுந்திருந்தால் இடமும் நேரமும், பல சமயம் ஓட்டியவர் படமும் அதில் இருக்கும். கோபத்தில் அபராதத்தைக் கட்டிவிடாதீர்கள், நகலை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போங்கள்.

தவணை

கட்டுங்கள். வண்டி போனதால் கடன் போகாது. நிறுத்தினால் அபராத வட்டி ஏறும், சிபில் மதிப்பெண் இறங்கும். திருட்டை அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்து, கொஞ்ச கால அவகாசம் கேட்டுப் பார்க்கலாம். இன்சூரன்ஸ் பணம் வந்தால் முதலில் அவர்களின் பாக்கிக்குப் போய், மீதிதான் உங்கள் கைக்கு வரும்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் எஃப்.ஐ.ஆர். நகலோடு ஒரு கடிதம் கொடுங்கள், யாரும் போலி ஆவணங்களோடு பெயர் மாற்றப் போனால் மாட்ட வேண்டும். அந்த வண்டி எங்காவது விபத்தில் சிக்கினாலோ, செயின் பறிப்புக்குப் பயன்பட்டாலோ, முதலில் கதவைத் தட்டுவது ஆர்.சி.யில் பெயர் உள்ளவரைத்தான். அப்போது எடுத்துக் காட்ட உங்களிடம் தேதி போட்ட எஃப்.ஐ.ஆர். இருக்க வேண்டும்.

கிடைத்துவிட்டால்

போலீஸ் வண்டியை மீட்டாலும் அது அன்றே உங்கள் வீட்டுக்கு வராது. வழக்குச் சொத்தாகக் கோர்ட்டில் கணக்குக் காட்டப்படும். காவல் நிலைய வாசலில் கொடி படர்ந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். உரிமையாளர் கேட்டுப் போகாதவை அவற்றில் நிறைய. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே, வாகனங்களை நிலையத்தில் நீண்ட நாள் போட்டு வைக்கக் கூடாது, படம் எடுத்துக்கொண்டு உரியவரிடம் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு அதற்குக் கால வரம்பும் வைத்திருக்கிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இடைக்கால ஒப்படைப்பு மனு போட்டு, ஆர்.சி., பாலிசி, அடையாள அட்டை காட்டி, விற்க மாட்டேன், மாற்ற மாட்டேன், கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்து எடுக்கலாம். அதற்குள் இன்சூரன்ஸ் பணம் வாங்கியிருந்தால் வண்டி கம்பெனிக்குச் சேர வேண்டியது. கிடைத்த செய்தியை அவர்களிடம் மறைக்கக் கூடாது.

எடுத்ததும் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும் அவசரத்தில் ஒன்றை மறந்துவிடாதீர்கள். போலீஸ் பதிவிலும் ஆர்.டி.ஓ.விலும் உள்ள திருட்டுக் குறிப்பை நீக்கச் சொல்லி மனு கொடுத்து, கோர்ட் உத்தரவின் நகலைச் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த ஒருவர் இதைச் செய்யாமல் விட்டு, ஆறு மாதம் கழித்து ஒரு வாகனத் தணிக்கையில், தன் சொந்த வண்டியைத் தானே திருடவில்லை என்று நடுரோட்டில் இரண்டு மணி நேரம் விளக்கிக்கொண்டு நின்றார்.